மாவு புளிக்காத வீடு

கருங்காலித்தாங்கலில் அஞ்சலாட்சி வீட்டுக் கூடத்தில் பனி பெய்யத் தொடங்கியது ஒரு கார்த்திகை மாதச் செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு, அவள் ஊறிய உளுந்தைக் கிரைண்டரில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில். முதலில் ஒன்று விழுந்தது, உளுந்துத் தோல் பறக்கிறது என்று ஊதிவிட்டாள். பிறகு இரண்டு விழுந்தது, தளத்துச் சுண்ணாம்பு உதிர்கிறது என்று மேலே பார்த்து வைதாள். பிறகு பத்தும் இருபதுமாக, சத்தம் போடாமல், யாரையும் அவசரப்படுத்தாமல் விழ ஆரம்பித்ததும், கொடியில் காயும் துணி நனைந்துவிடுமே என்று வெளியே ஓடினாள், வெளியே வெயில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. உள்ளே வந்தாள், பனி. வெளியே போனாள், வெயில். மூன்றாம் முறை உள்ளே வந்தபோது, சரி, பெய்யட்டும் என்று கிரைண்டருக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் கோணியைக் கட்டிவிட்டு மாவை ஆட்டி முடித்தாள், ஏனென்றால் விடிந்தால் நாற்பது வீட்டுக்கு இட்லி மாவு போயாக வேண்டும்.

ஊர் வந்து பார்த்தது. வேலூர்ப் பக்கத்து ஊர் அது. தண்ணீரில்லாத ஆற்றை ஓரத்தில் வைத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாகக் குடித்தனம் செய்கிறவர்களுக்கு வானமில்லாத பனி பெரிய விஷயமாகப் படவில்லை. முதலில் வந்தவர் அடுத்த தெரு சுபேதார் தனகோட்டி, பட்டாளத்தில் இருபத்தெட்டு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, பனிக்குப் பட்டாளத்தில் பழகிய இந்திப் பெயரைச் சொல்லி, "பரஃப்தான், கலப்படமே இல்ல" என்று சான்று கொடுத்தார். அவர் பின்னால் வந்த பழைய ஹவில்தார்களும் நாயக்குகளும் இது எந்த மலைப் பனி என்று ஒரு மணி நேரம் சண்டை போட்டார்கள். ஒருவர் லடாக் என்றார், ஒருவர் சிக்கிம் என்றார், இரண்டையும் பார்க்காமல் சமையல் கூடத்திலேயே சர்வீஸ் முடித்த ஒருவர் இரண்டும் இல்லை என்றார். கிராம நிர்வாக அலுவலர் வந்து, தன் பதிவேட்டில் மழைக்குக் கட்டம் இருக்கிறது, புயலுக்கு இருக்கிறது, வறட்சிக்கு இரண்டு இருக்கிறது, இதற்கு ஒன்றும் இல்லையே என்று வருத்தப்பட்டுவிட்டுப் போனார். அம்மன் கோயில் பூசாரி கற்பூரம் காட்டினார், கற்பூரம் அணைந்துவிட்டது, தட்சணையை மட்டும் வாங்கிக்கொண்டார். மறுநாள் காலை மீன்காரி பட்டம்மாள் விற்காத மீனைக் கூடையோடு கொண்டுவந்து, "அஞ்சலா, இத்த ஒரு ஓரமா வெச்சிக்கட்டுமா?" என்று கேட்டாள். அதிசயம் அத்தோடு முடிந்து சௌகரியம் தொடங்கியது.

ஒரே ஒரு தொல்லை இருந்தது. பனி பெய்கிற வீட்டில் மாவு எப்படிப் புளிக்கும்? முதல் நாள் ஆட்டிய மாவு விடியும்போது நான்கு பானையிலும் பொங்காமல் பூக்காமல், மாமியார் வீட்டுக்கு முதன்முதலாக வந்த மாப்பிள்ளை மாதிரி விறைத்துக்கொண்டு கிடந்தது. அஞ்சலாட்சிக்கு அந்த மாவுதான் பிழைப்பு. அதனால் ஊர் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தது: அவள் மாவை ஆட்டிக் கொடுக்க வேண்டியது, பானையை இரவு தெருக்காரர்கள் முறைவைத்துத் தங்கள் வீட்டில் வைத்துப் புளிக்கச் செய்ய வேண்டியது, பதிலுக்கு அவரவர் மோரையும் மீனையும் பாலையும் அவள் கூடத்தில் வைத்துக் குளிர்த்திக்கொள்ள வேண்டியது. மாசியில் ஒரு கல்யாணத்துக்குப் பந்தி முழுவதும் ஐஸ்கிரீம் போட்டார்கள், பங்குனியில் வெளியூர் மகன்கள் வந்து சேரும்வரை இறந்துபோன ஒரு கிழவரை இரண்டு நாள் அங்கே கிடத்தியிருந்தார்கள், சித்திரையில் கத்திரி வெயில் பிறந்தபோது தம்ளரும் சொம்பும் தூக்குமாகக் கூட்டம் வாசலிலிருந்து கரண்ட் போஸ்ட் மரம்வரை நின்றது. உலகத்தில் எங்கேயும் இல்லாத குளிர்ந்த மோரைக் குடித்துவிட்டு ஊர் வாயைத் துடைத்துக்கொண்டது.

பனி ஏன் வந்தது என்று ஊர் கேட்கவில்லை. அஞ்சலாட்சி மட்டும் கேட்டாள், பதிலையும் தானே கண்டுபிடித்தாள்.

அந்தப் பதில் புரிய, அந்த ஊரின் பழக்கம் தெரிய வேண்டும். கருங்காலித்தாங்கலில் வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருப்பார். ஒரு பையன் தேர்வாகிப் புறப்படும்போது கறுப்பு டிரங்குப் பெட்டி வாங்குவார்கள், அந்தப் பெட்டியில் வெள்ளைப் பெயிண்டால் அவன் பெயரை அவனைப் பெற்றவள்தான் எழுத வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத தாயானால் யாராவது கையைப் பிடித்து எழுத வைப்பார்கள், கை நடுங்கும் தாயானால் நடுங்கிய எழுத்தோடு பெட்டி போகும். பெற்றவள் எழுதாத பெட்டியை அந்த ஊரில் யாரும் தலையில் ஏற்ற மாட்டார்கள், அப்படி ஏற்றிய பெட்டி ஊர் திரும்பாது என்பது நம்பிக்கை. அஞ்சலாட்சியின் கணவன் நாயக் ஏகாம்பரத்தின் பெட்டியை அவன் தாய் மிக அழகாகத்தான் எழுதியிருந்தாள். பத்து வருஷத்துக்கு முன்பு, வடக்கே ஏதோ ஒரு மலைக் காவலில் பனி சரிந்து அவன் மேல் விழுந்தது. பத்தொன்பது நாள் கழித்து வேறொரு பெட்டி வந்தது, கொடி போர்த்தி, ஆணி அடித்து.

திறவுங்கள் என்றாள் அஞ்சலாட்சி. கூட வந்த அதிகாரி கூடாது என்றார். திறவுங்கள் என்று பெட்டி மேல் விழுந்தாள். தனகோட்டியும் இன்னும் மூன்று பேரும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "வேணாம்மா, பாக்குற மாதிரி இல்ல, நாங்க சொல்றோம்ல" என்று அன்பாகத்தான் சொன்னார்கள், அன்பாகவே பிடித்துக்கொண்டு பெட்டியைக் குழியில் இறக்கினார்கள். உள்ளே ஆள் இருந்தானா, அவன்தானா, முகம் இருந்ததா என்று தெரியாமல் தாலியைக் கழற்றியவள் அவள். மற்றதையெல்லாம் பொறுத்துக்கொண்டவளால் அந்த நான்கு ஆணிகளை மட்டும் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் ஊரில் இருந்த ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரர்கள் அத்தனை பேரையும் அம்மன் கோயிலுக்கு வரவழைத்தாள். நாற்பத்து மூன்று பேர். ஒவ்வொருவர் முன்னாலும் கற்பூரம் ஏற்றி, "என் மகன் குணாளனுக்கு ஓட்டம் பழக்க மாட்டேன், பட்டாளக் கதை சொல்ல மாட்டேன், ஆளெடுப்புக்குக் கூட்டிப் போக மாட்டேன்" என்று சொல்ல வைத்து, உள்ளங்கையால் கற்பூரத்தை அணைக்க வைத்தாள். நாற்பத்து மூன்று தடவை. முதல் கை தனகோட்டியுடையது. ஒன்பது வயதுக் குணாளன் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஏழு வயது மகள் சற்றுத் தள்ளி நின்றாள், அவளைப் பற்றி அஞ்சலாட்சி ஒன்றும் சொல்லவில்லை, அந்த ஊரிலிருந்து பெண் ஒருத்தி பட்டாளத்துக்குப் போவாள் என்று யாருக்குத்தான் தோன்றும்?

மகளுக்கு ஏகாம்பரம் வைத்த பெயர் ஜீலம், அப்போது அவன் காவல் இருந்த ஆற்றின் பெயராம். ஊர் வாயில் அது ஜீலா ஆனது. குணாளனை அஞ்சலாட்சி ஓடவிடாமல், மரம் ஏறவிடாமல், வெயிலில் நிற்கவிடாமல் வளர்த்தாள். அவன் பூசணிப் பிஞ்சு மாதிரி மெத்தென்று வளர்ந்து, ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பசை தடவும் வேலைக்குச் சேர்ந்தான். ஜீலாவைக் காக்க ஒன்றும் இல்லாததால் அவள் கையில் மாவு வாளிகளைக் கொடுத்தாள், வலக்கையில் ஒன்று, இடக்கையில் ஒன்று. காலை ஐந்து மணிக்கு, நாற்பது வீடு, ஏரிக்கரை சுற்றி ஆறு கிலோமீட்டர். "ஓடுடி, வெயில் ஏறுனா புளிச்சிப் போவும்" என்று பத்து வயதிலிருந்து விரட்டினாள், தாமதமானால் வைதாள், சீக்கிரம் வந்தால் இன்னும் இரண்டு வீடு சேர்த்தாள். ஏழெட்டு வருஷம், மழையென்று பாராமல், பெற்றவளே விரட்டி விரட்டி ஓட வைத்தாள். இதை நினைத்து அவள் நெஞ்சில் அடித்துக்கொள்ளப் போவது பிற்பாடு.

ஆக, பனிக்கு அஞ்சலாட்சி கண்டுபிடித்த பதில் இதுதான்: வந்திருப்பது ஏகாம்பரம். ஆணி அடித்து அனுப்பியவன் ஆணி இல்லாமல் திரும்பி வந்திருக்கிறான், பிள்ளைகளுக்குக் காவலாக. அவள் துடைப்பத்தால் பனியைக் கூட்டி மல்லிகைச் செடியின் அடியில் கொட்டும்போதெல்லாம் மெதுவாகத்தான் கூட்டினாள். தனியாக இருக்கும்போது அதனிடம் பேசவும் செய்தாள். "வந்துட்டியா? வந்தது வந்தே, கொஞ்சம் மின்னாடி வரக் கூடாது? சரி, இரு. குணாளன் ரெண்டு நாளா சரியா துன்ன மாட்றான், இன்னான்னு பாரு." பத்து வருஷத்தில் அவள் யார் மேலும் சாய்ந்ததில்லை. இந்தப் பனி மேல் சாய்ந்தாள்.

ஜீலா கூடத்திலேயே பாய் போட்டுப் படுத்தாள். குளிருமேடி என்றால், அப்பா இருக்கிறார் அல்லவா என்றாள். அந்தப் பதிலில் தாய் உருகிப்போய், இருந்த ஒரே கம்பளியை அவளிடம் கொடுத்தாள். ஆவணியில் பெங்களூரில் ஐந்து நாள் கபடிப் போட்டி என்று ஜீலா கிளம்பியபோது குணாளன் துணைக்குப் போனான். அஞ்சலாட்சி புளிசாதம் கட்டிக் கொடுத்தாள்.

அடுத்த கார்த்திகை முடிந்து மார்கழி பிறந்து இரண்டு நாள் ஆகியிருந்த ஒரு காலையில், தனகோட்டி ஒரு புது டிரங்குப் பெட்டியைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்து அவள் வாசலில் இறக்கினார். பக்கத்தில் ஒரு சிறிய டப்பா வெள்ளைப் பெயிண்ட்டும் ஒரு பிரஷ்ஷும் வைத்தார். எல்லாவற்றையும் அவளுக்குத் தெரியாமல் நடத்திவிட்ட ஊரால் இதை மட்டும் அவளில்லாமல் நடத்த முடியவில்லை.

"மாமா, யாரு வூட்டுப் பொட்டி இது? தெரு மாறி வந்துட்டீங்களா?"

"மாறலம்மா."

"குணாளனுக்கா? மாமா, கற்பூரம் அணைச்சீங்களே. உங்க கைதானே மொதக் கை!"

"அணைச்சேன். அந்தச் சத்தியத்த இன்னிக்கி வரிக்கும் காப்பாத்திக்கினுதான் கீறேன்." தனகோட்டி பெட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "இது குணாளனுக்கு இல்ல."

அந்த வீட்டில் இருப்பது மூன்று பேர். குணாளன் இல்லையென்றால் யார் என்று எண்ணிப் பார்க்க நேரம் ஆகாது, அஞ்சலாட்சிக்கு ஆனது. அதற்குள் ஜீலா கூடத்திலிருந்து வந்து நின்றாள், தலைமுடியில் பனி, காலில் செருப்பில்லை.

"எனக்குத்தாம்மா. அகாடமில சீட்டு கெடச்சிருக்கு. ஆபீசர் டிரெயினிங். பரிச்சை எழுதி, பெங்களூர்ல இண்டர்வியூ முடிச்சி, மெடிக்கலும் ஆயிடுச்சி. இந்த மாசம் இருவத்தெட்டுல போவணும்."

"நானு கையெழுத்துப் போடாம எப்படிடி எடுப்பாங்க? நீ சின்னப் பொண்ணாச்சே."

"போட்டியேம்மா," என்றாள் ஜீலா.

அப்போதுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை முழுதாக அவளுக்குத் திரும்பி வந்தது. வருஷா வருஷம் கார்த்திகையில், பட்டாளத்து விதவைகள் பென்ஷனுக்காகத் தாங்கள் உயிரோடு இருப்பதாகவும் மறுமணம் செய்துகொள்ளவில்லை என்றும் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தத் தாள்களைத் தனகோட்டி கொண்டுவருவார், ஜீலா பக்கத்தில் உட்கார்ந்து விரல் வைத்துக் காட்டுவாள், இங்க போடும்மா, இங்கயும், இந்தத் தாள்லயும் என்று. அந்த வருஷம் ஒரு தாள் கூடுதலாக இருந்ததாக இப்போது ஞாபகம் வந்தது. உளுந்து ஊறிவிட்டதே என்ற அவசரத்தில் படிக்காமல் போட்டாள். மை காய்வதற்கு ஊதக்கூட ஊதினாள். உயிரோடு இருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்த அதே கையால் உயிரை எழுதிக் கொடுத்திருக்கிறாள், ஒரு மணி நேரம் கழித்துப் பனி தொடங்கியிருக்கிறது.

"நீ வெரலு வெச்சிக் காட்டுனியே," என்றாள் அஞ்சலாட்சி. "இந்த வெரலு."

"கேட்டிருந்தா குடுத்திருப்பியாம்மா?"

"குடுத்திருக்க மாட்டேன். அழுதிருப்பேன், கதவச் சாத்தியிருப்பேன், வெளக்குமாத்தால அடிச்சிருப்பேன். ஆனா கேட்டிருக்கணும்டி. கேட்டு, நான் இல்லன்னு சொல்றத நின்னு வாங்கியிருக்கணும்."

அவள் தெருவில் இறங்கினாள். வேலியே பயிரை மேய்ந்தது என்றால் ஒரு வேலியோடு போகும். அன்றைக்கு அவளுக்கு ஊரில் உள்ள அத்தனை வேலியும் மேய்ந்திருப்பது தெரிந்தது. பால்காரருக்குத் தெரிந்திருந்தது. மாவு வாங்கும் நாற்பது வீட்டுக்கும் தெரிந்திருந்தது, அவர்களில் பாதிப் பேர் காலையில் வாசலில் நின்று ஜீலாவின் ஓட்டத்துக்கு மணி பார்த்துச் சொல்லியிருந்தார்கள். பூசாரிக்குத் தெரிந்திருந்தது, பரீட்சைக்கு முன்னால் அர்ச்சனையே செய்திருந்தார். போனில் கூப்பிட்டபோது குணாளன் அழுதான், "அவ போவட்டும்மா, நாந்தான் எங்கியும் போகல" என்றான். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்பார்கள். கருங்காலித்தாங்கலின் வாயை ஒரு வருஷம் முழுக்க எது மூடியது என்று அவளுக்கு விளங்கவில்லை. பட்டம்மாளின் மீன்கூடை முன்னால் போய் நின்றாள்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"மாசிலேர்ந்து." பட்டம்மாளுக்குப் பொய் வராது. "மனசு கேக்கல அஞ்சலா, சொல்லிடலாம்னுதான் இருந்தேன். ஆனா பொண்ணு ஃபாரம் எழுதுன அன்னிக்கிதான பனி வந்தது? நீ தெரிஞ்சிக்கினா தடுப்பே. நீ தடுத்தா பொண்ணு நின்னுடும். பொண்ணு நின்னா பனியும் நின்னுடும்னு பேசிக்கினாங்க."

"யாரு?"

"எல்லாருந்தான்."

அஞ்சலாட்சி மீனைப் பார்த்தாள். அவள் வீட்டுக் கூடத்தில் இரவு முழுதும் இருந்த மீன். கண் தெளிவாக, செவுள் சிவப்பாக, இப்போது பிடித்தது போல இருந்தது. "ஒரு தம்ளர் ஜில்லு மோருக்கு எம் பொண்ண வித்துட்டீங்களே," என்றாள். தெருவில் கையில் தம்ளரோடு நின்றவர்கள் அதை மெல்லப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு இன்னும் ஒரு துணை மிச்சம் இருந்தது. கூடத்தின் நடுவில் நின்று மேலே கையைக் காட்டி, "உங்கப்பனைப் பாருடி," என்றாள் ஜீலாவிடம். "ஒரு வருசமா கொட்டிக்கினு கீறான். எதுக்கு? இப்பிடித்தான் செத்தேன், நீ வராதன்னு சொல்றதுக்கு. அது கூடவா உனக்குப் புரியல?"

ஜீலா உட்கார்ந்து தன் பாதங்களைத் திருப்பிக் காட்டினாள். விரல் நுனிகள் கறுத்துத் தடித்திருந்தன. "மொத நாளு ரெண்டு நிமிசந்தாம்மா நிக்க முடிஞ்சிது. வலி உயிர் போச்சி. அப்பால அஞ்சு. இப்ப வெறுங்காலோட முக்கா மணி நேரம் நிக்கறேன். நான் தாங்குனா அடுத்த நாளு கொஞ்சம் கூடுதலா பெய்யும்மா. தாங்கலன்னா கொறையும். அப்பா என்னைத் தடுக்க வரல. பழக்கிக் குடுக்க வந்திருக்காரு."

அஞ்சலாட்சி தலையை நிமிர்த்தினாள். ஆணி அடித்த பெட்டியில் வந்தபோது அவன் ஏமாற்றியதாக அவள் நினைக்கவில்லை, அது விதி. ஒரு வருஷம் அவள் கூட்டிய துடைப்பத்துக்கு, சொன்ன சேதிகளுக்கு, சாய்ந்த சாய்வுக்கு, அவன் அவளுக்குத் தெரியாமல் செய்துகொண்டிருந்த வேலை இது. "நீயுமா?" என்று கேட்டாள். பனி அதே நிதானத்தில் அவள் முகத்தில் விழுந்தது, கண் இமையில் தங்கியது, அவளுக்கென்று ஒரு சொட்டுக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அன்றிலிருந்து அவள் மாவு ஆட்டவில்லை. பெட்டியும் எழுதவில்லை. பெயிண்ட் டப்பா வாசலிலேயே இருந்தது, நாய் முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது, ஊர் முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது. நாற்பது வீட்டில் தினமும் ரவா உப்புமா கிண்டினார்கள், பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிட்டார்கள், யாரும் அவளிடம் முறையிடத் துணியவில்லை. இருபத்தெட்டாம் தேதி நெருங்கியது. ஒரு தாய் எழுதாத பெட்டியோடு ஜீலா போவாளா, போனால் திரும்புவாளா என்று ஊர் தனக்குள் பேசியது, ஆனால் பெட்டியை எழுதச் சொல்லி அஞ்சலாட்சியிடம் கேட்கும் யோக்கியதை தங்களில் ஒருவருக்கும் இல்லை என்பதும் ஊருக்குத் தெரிந்தே இருந்தது.

முந்தின நாள் பிற்பகல், மகள்தான் பேசினாள். சமையலறை வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, வெங்காயம் உரிக்கிறவள் போலத் தலையைக் குனிந்துகொண்டு பேசினாள்.

"நீ கோயில்ல சத்தியம் வாங்குனப்போ நானும் நின்னுக்கினு இருந்தேன்ம்மா. நெனப்பு கீதா? நாப்பத்து மூணு தடவ சொன்னே. எம் மகன் குணாளன், எம் மகன் குணாளன். ஒவ்வொரு தடவயும் அடுத்தது எம் பேரு வரும்னு பாத்துக்கினே இருந்தேன். கடசி கற்பூரமும் அணைஞ்சிது, வரல. ராத்திரி படுத்துக்கினு, அப்போ என்னை எடுத்துக்கினு போனா பரவால்ல போலன்னு நெனச்சேன்."

அஞ்சலாட்சி மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"அதுக்காகப் போகல. எனக்குப் புடிச்சிருக்கு, போறேன். ஓடுன்னு சொன்னே, ஓடுனேன். ஓட ஓடப் புடிச்சிப் போச்சி. எங்க நிக்கணும்னு நீ சொல்லவே இல்லியேம்மா."

மகள் செய்ததைத் தாய் மன்னிக்கவில்லை. தான் செய்ததும் மன்னிக்கும்படியானது இல்லை என்பது அவளுக்குப் புதிதாகத் தெரிந்தது, அதனால் முதல் வலி கொஞ்சமும் குறையவில்லை, பக்கத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்துகொண்டது.

இருபத்தெட்டாம் தேதி காலை, அஞ்சலாட்சி பெட்டியைத் தெருவுக்கு இழுத்து வந்தாள். வீட்டுக்குள் வைத்து எழுதினால் பெயிண்ட் காயாது. நடுத்தெருவில், வெயிலில், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்து பிரஷ்ஷைத் தோய்த்தாள். ஊர் கூடியது. முன்பக்கத்தில் எழுதினாள்: ஜீலம். தகப்பன் பெயர் ஏகாம்பரம். கருங்காலித்தாங்கல். ஊர் மூச்சு விட்டது, யாரோ ஒரு பெண் குலவை போட வாயைக் குவித்தாள். அஞ்சலாட்சி பிரஷ்ஷைக் கீழே வைக்கவில்லை. பெட்டியின் மூடி மேல், அதன் அகலம் முழுக்க, ஒவ்வோர் எழுத்தாக, பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்ற கையெழுத்தில் இன்னும் எழுதினாள். தனகோட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஊருக்காக உரக்கப் படித்தார்.

"இந்தப் பெட்டியைத் திறக்க வேண்டியவள் தாய் அஞ்சலாட்சி. எந்த நிலையில் வந்தாலும் திறப்பாள். யாரும்..." அவர் குரல் அங்கே நின்றுவிட்டது. மீதியை அவரால் படிக்க முடியவில்லை. ஏகாம்பரத்தின் பெட்டி முன்னால் அவள் கையைப் பிடித்த நான்கு பேரில் மூன்று பேர் இறந்துபோயிருந்தார்கள், அவர் ஒருவர்தான் மிச்சம்.

"படிங்க மாமா," என்றாள் அஞ்சலாட்சி.

"யாரும் கையைப் பிடிக்கக் கூடாது."

ஜீலா அவ்வளவு நாள் அழாதவள் அங்கே அழுதாள். அஞ்சலாட்சி அவளுக்குத் திலகம் இடவில்லை, கட்டிக்கொள்ளவில்லை, போய்வா என்றும் சொல்லவில்லை. "எங்க கையெழுத்துப் போடணும்னு நீ வெரலு வெச்சிக் காட்டுனே," என்றாள். "யாரு தெறக்கணும்னு நான் எழுதிக் காட்டியிருக்கேன். போற எடத்துல எல்லாருக்கும் காட்டு." பிறகு ஊரில் ஒருவரையும் தொடவிடாமல், காயாத எழுத்து உள்ளங்கையில் ஒட்டிக்கொள்ளப் பெட்டியைத் தானே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, பஸ் நிற்கும் இடம்வரை மகளுக்கு முன்னால் நடந்தாள்.

பஸ் போனதும் பனி நின்றுவிடும் என்று பயந்துகொண்டிருந்த ஊர் அவள் வீட்டு ஜன்னலை எட்டிப் பார்த்தது. நிற்கவில்லை. முன்னைவிடக் கனமாகவே பெய்துகொண்டிருந்தது. ஊருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, பட்டம்மாள் கூடையோடு வாசலுக்கே வந்துவிட்டாள். அஞ்சலாட்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பி வந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள், மீனையும் பாலையும் மோர்ச் சொம்புகளையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள், கதவைச் சாத்தி உள்தாழ் போட்டாள். அந்தத் தாழ் பிறகு ஊருக்காகத் திறக்கவில்லை. அந்த வருஷக் கத்திரியில் கருங்காலித்தாங்கல் மற்ற ஊர்களைப் போலவே வெந்தது, மோர் மோராகவே புளித்தது, மீன் மீனாகவே நாறியது.

கதவைச் சாத்திய அந்த முதல் நாள், வாசலில் முணுமுணுப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, அஞ்சலாட்சி செருப்பைக் கழற்றிச் சமையலறை வாசலில் விட்டாள். புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகினாள். இனி எந்த மலையிலிருந்து எந்தப் பெட்டி வந்தாலும், தாங்கமாட்டாய் அம்மா என்று அவளிடம் யாரும் சொல்லிவிடக் கூடாது. பனியில் இறங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள்.

முதல் நாள் இரண்டு நிமிஷம் தாங்கினாள்.